முழங்காலுக்குத் தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை மூன்று வகைப்படும். தூங்குகிற ஞாயிறு, துணி துவைக்கிற ஞாயிறு, 'எங்கேயாவது போலாம்டா' என்று காலையில் ஆரம்பித்து, சாயங்காலம் வரை வாட்ஸப்பிலேயே போய்விட்டு வருகிற ஞாயிறு.

இந்த 'எங்கேயாவது' எது என்று விசாரித்தால், நம்மவர்களுக்கு எப்போதும் ஒரே ஃபார்முலாதான். ஒரு ஏரி, பக்கத்தில் ஒரு மலை. ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல்... எதை எடுத்தாலும் அதுதான். ஏரியில் படகு, மலையில் குரங்கு, நடுவில் மிளகாய் பஜ்ஜி. இதற்கு மூன்று நாள் லீவு, ஆறு மாசத் திட்டம், கடைசி நிமிஷத்தில் ஒருத்தன், "மச்சி, வீட்ல விடலடா!"

வானகரம், மதுரவாயல், பூந்தமல்லி வட்டாரத்தில் குடியிருக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு சேதி. ஏரியும் மலையும் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. லீவு வேண்டாம். டிக்கெட் வேண்டாம். ஒரு சைக்கிள் போதும்.

ரூட் இதுதான். வானகரத்தில் கிளம்பி பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் ஏரி, குன்றத்தூர் மலை, திருநீர்மலை, பல்லாவரம், பரங்கிமலை, போரூர், மறுபடி வானகரம். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பெரிய ஏரி, ஒரு சின்ன ஏரி, மூன்று மலை.

மலை என்றதும் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். பரங்கிமலையே முந்நூறு அடிதான். சிரிக்கட்டும். ஒரு நாள் சைக்கிளில் ஏறிப் பார்க்கட்டும். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிடும். மூச்சு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

* * *

முதலில் வண்டி. லட்ச ரூபாய் சைக்கிள்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டு மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போட உபயோகப்படும் பழைய பி.எஸ்.ஏ.வோ, ஹெர்குலிஸோ இருந்தால் அதை எடுங்கள். அதுவும் நம்ம ஏரியா பிள்ளைதான். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அம்பத்தூரில்தான் வந்தது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் குரங்குப் பெடல் போட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது அந்த வண்டிகளில்தான்.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோய், "ஓவராயில் பண்ணிடுங்கண்ணே, வீல் பெண்டு எடுத்துடுங்க, பிரேக் கட்டையை மாத்திடுங்க" என்று சொன்னால் அவர் வண்டியை ஒரு தடவை பார்ப்பார். உங்களை ஒரு தடவை பார்ப்பார்.

"வண்டிக்குப் பெண்டு எடுத்துடலாம் தம்பி. உங்களுக்கு யார் எடுக்குறது?"

அதற்குத்தான் இந்த ஐம்பது கிலோமீட்டர்.

* * *

காலை ஐந்து மணி. வானகரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று அ.தி.மு.க. பொதுக்குழு, இன்னொன்று மீன் மார்க்கெட். பொதுக்குழு வருஷத்துக்கு ஒரு தடவை, மீன் தினசரி. அந்த நேரத்தில் மீன் லாரியும் ஐஸ் வண்டியும் ரோட்டை நனைத்துக்கொண்டு போகும். அவற்றுக்கு வழிவிட்டு, இடது ஓரமாக மேற்கே பிடியுங்கள்.

இந்தப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஊர்ப் பெயர்களை எப்போதாவது கவனித்தீர்களா? வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. வரிசையாக மூன்று சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். அதாவது நடந்து போனவர்கள், மாட்டு வண்டியில் போனவர்கள், 'அப்பாடா' என்று உட்கார்ந்த இடங்கள். பஸ்ஸில் போகிறவனுக்கு அது வெறும் ஸ்டாப்பிங். காரில் போகிறவனுக்கு அது வெறும் டிராஃபிக். கரையான்சாவடியில் பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்து, 'டீ ஒண்ணு' என்று சொல்லும்போதுதான், முன்னோர்கள் சரியான இடைவெளியில்தான் சாவடி கட்டியிருக்கிறார்கள் என்பது புரியும். முழங்கால் அதை ஒப்புக்கொள்ளும்.

இன்னொரு சமாச்சாரமும் முழங்காலுக்குத்தான் தெரியும். வானகரத்தை ஒட்டி ஓடுவது கூவம். செம்பரம்பாக்கத்தில் நிரம்பி வழிவது அடையாறு. இரண்டு ஆறு என்றால் நடுவில் எங்கேயோ ஒரு மேடு இருந்தாக வேண்டும். மழைத்தண்ணீர் 'நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்' என்று பாகப்பிரிவினை செய்துகொள்கிற மேடு. கண்ணுக்குத் தெரியாது. கார் எஞ்சினுக்கும் தெரியாது. ஆனால் சைக்கிளில் போகும்போது, காற்றும் இல்லாமல், பிரேக்கும் பிடிக்காமல், திடீரென்று பெடல் கனக்கும். 'செயின்ல எண்ணெய் இல்லையோ' என்று குனிந்து பார்ப்பீர்கள். எண்ணெய் இருக்கிறது. பூமிதான் அரை அடி உயர்ந்திருக்கிறது.

இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காசு விஷயத்தில் வேலைக்கு ஆகும்.

* * *

நசரத்பேட்டை தாண்டி செம்பரம்பாக்கம். கரையைப் பார்த்ததும் முதலில் ஏரி தெரியாது. மண் சுவர்தான் தெரியும். கரைமேல் ஏற விட்டால்தான் கடல் மாதிரி விரியும். (எல்லா இடத்திலும் எல்லா நாளிலும் விடமாட்டார்கள். காவலாளி 'வேண்டாம்' என்றால் வேண்டாம். மழைக்காலத்தில் மதகுப் பக்கம் போய் செல்ஃபி எடுக்கிற வீரம் நமக்கு எதற்கு?)

ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு உயரம் 24 அடி. பேப்பரில் தினம் வருகிற இந்த எண்ணை நம் பாஷையில் சொன்னால், சுமார் 10,300 கோடி லிட்டர். அரசாங்க வேலையில் இருக்கிற சம்பளக்காரர் மாதிரி இதற்கும் வரவு பல வகை. வடகிழக்குப் பருவமழை முதல் வகை. பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாக வருகிற தண்ணீர் இரண்டாம் வகை. அந்தப் பூண்டிக்கே ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வருகிறது. 1983-ல் ஒப்பந்தம் போட்டு, 1996-ல்தான் முதல் தண்ணீர் வந்து சேர்ந்தது. நம்ம ஆபீஸ் அரியர்ஸ் பரவாயில்லை!

செலவுப் பக்கம்? நகரத்துக்குக் குடிநீர். மிஞ்சினால் ஐந்து கண் மதகு, பத்தொன்பது கண் மதகு.

இந்தப் பாஸ்புக்கில் இரண்டு பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்க்கலாம். ஒன்று, 2015 டிசம்பர் 1. அன்றைக்கு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி கணக்கில், ஒரு விநாடிக்கு அறுபத்தெட்டு லாரி. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் இருநூறு லாரி போயிருக்கும். முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கக் கூடாதா என்ற சண்டை இன்றும் முடியவில்லை. மத்தியக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையும் ஏரியைக் கையாண்ட விதத்தைக் குறை சொன்னது.

இரண்டாவது பக்கம், 2019 ஜூன். அதே ஏரி, வெடித்த தரை. மாடு மேய்ந்தது. சென்னை முழுக்கக் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றது.

நாலே வருஷத்தில் ஓவர்ஃப்ளோவும் நில் பேலன்ஸும்! இப்படி ஒரு அக்கவுண்டை வைத்திருப்பவனுக்கு எந்த பேங்கும் லோன் தராது. ஆனால் அந்தக் கரைக்குக் கீழே வீடு கட்ட நமக்கு லோன் தருகிறார்கள்.

ஜப்பானில் பிவா என்று ஒரு ஏரி. ஒரு சுற்று சுமார் 200 கிலோமீட்டர். அதைச் சைக்கிளில் ஒரு தடவை சுற்றி வருவதற்கு 'பிவாஇச்சி' என்று தனிப் பெயரே இருக்கிறது. 2019-ல் தேசிய சைக்கிள் பாதை என்று அங்கீகரித்தார்கள். ரோட்டில் நீலக் கோடு போட்டு வழி காட்டுகிறார்கள். நமக்கு நீலக் கோடு கிடையாது. ஆனால் அதைவிட நல்ல வழிகாட்டி ஒன்று இருக்கிறது.

ஏரி 21, 22 அடியைத் தொட்டதும் டி.வி.யில் ஒரு அறிவிப்பு ஓடும், கவனித்திருக்கிறீர்களா? 'உபரி நீர் திறக்கப்படுவதால் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை மற்றும் அடையாறு ஆற்றின் இரு கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு...'

அந்த லிஸ்ட்தான் நம்ம ரூட் மேப்! தண்ணீர் போகிற வழியிலேயே நாமும் போகப் போகிறோம்.

* * *

ஏரியிலிருந்து வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடைப் பிடித்தால் குன்றத்தூர். நேரம் இருந்தால் மாங்காட்டுப் பக்கம் ஒரு சுற்று சுற்றி சிக்கராயபுரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே ஒரு காலத்தில் கல்லுடைத்தார்கள். தோண்டித் தோண்டி, கல் போய்ப் பள்ளம் ஆனது. பள்ளத்தில் மழை நின்று குட்டை ஆனது. 2017 வறட்சியில், 'அட, இங்கே தண்ணி இருக்கே!' என்று மெட்ரோ வாட்டர் குழாய் போட்டு எடுத்துச் சுத்திகரித்து ஊருக்குக் கொடுத்தது. கல்லை வெட்டி ஏரியாக்கிய ஊர் வேறு எங்கே கிடைக்கும்? தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. செங்குத்துப் பாறை, ஆழம் தெரியாத தண்ணீர். இறங்கிக் குளிக்கிற எண்ணம் வந்தால், வீட்டு பக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். நாயன்மார்கள் கதையை எழுதியவர். கும்பகோணம் திருநாகேஸ்வரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். தினமும் போய்வர முடியாதே என்று சொந்த ஊரிலேயே ஒரு திருநாகேஸ்வரம் கட்டிவிட்டார். டூர் போக முடியாதவன் டூரையே வீட்டுக்கு வரவழைப்பது இதுதான்.

மலைமேல் முருகன். திருப்போரூரில் சண்டையை முடித்துக்கொண்டு திருத்தணிக்குப் போகும் வழியில் இங்கே தங்கினார் என்பது தலபுராணம். என்னைக் கேட்டால் சைக்கிள் டூரிங்குக்கு ஒரு கடவுள் வேண்டும் என்றால் முருகன்தான். 'உலகத்தைச் சுற்றி வா' என்றதும் மறுபேச்சு பேசாமல் வண்டியை எடுத்தவர். முழுச் சுற்றும் சுற்றி வந்தவர். பழம் மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவருக்குப் போய்விட்டது. இந்த அநியாயம் எல்லா ஆபீஸிலும் இன்றும் நடக்கிறது.

மேலே போக 84 படி. வண்டிப் பாதையும் உண்டு. படியில் ஏறுபவர்களுக்குப் புண்ணியம். பாதையில் மிதித்து ஏறுபவர்களுக்குக் கியரைப் பற்றி ஞானம்.

கியரைப் பலர் ஸ்பீடு என்று நினைக்கிறார்கள். தப்பு. கியர் என்பது இ.எம்.ஐ. உதாரணமாக, முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். சமதரையில் சுகம். மேட்டில் அந்த ஐந்து மீட்டர் ஏற்றத்தையும் ஒரே மிதியில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். முழங்காலில் அவ்வளவு பேலன்ஸ் இருக்காது. கியர் சைக்கிளில் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று மாற்றினால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர்தான். அதே மலை, அதே உயரம், சின்னச் சின்னத் தவணை. சுற்று எண்ணிக்கை கூடும், அதுதான் வட்டி.

இதற்கும் ஒரு காலத்தில் எதிர்ப்பு இருந்தது. பிரான்ஸில் பால் தெ விவி என்று ஒருவர் (1853-1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் சுற்றுலாவைப் பற்றியே எழுதி, அந்த ஊரில் அதற்குத் தகப்பன் என்று பேர் வாங்கியவர். கியர் வேண்டும், கியர் வேண்டும் என்று தொண்டை வறளக் கத்தினார். டூர் தெ பிரான்ஸ் போட்டியை ஆரம்பித்த தெக்ராஞ்ஜ், அதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்று கேலி செய்தார். அந்தப் போட்டியில் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தது 1937-ல்தான். ஆகவே உங்கள் நண்பன், 'கியர் போட்டு ஏறுறதெல்லாம் ஒரு ஏத்தமாடா?' என்று கிண்டல் செய்தால் கவலைப்படாதீர்கள். இந்தக் கிண்டலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

* * *

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் ரோடு. வழியில் அடையாற்றைத் தாண்டி அனகாபுத்தூர், பம்மல். அங்கிருந்து தெற்கே ஒடித்தால் திருநீர்மலை.

இந்தப் பெயரை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நீர்... மலை. திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். கிட்டே போக முடியவில்லை. தண்ணீர் வடியட்டும் என்று ஆறு மாசம் காத்திருந்து, பிறகு சேவித்துவிட்டுப் போனார் என்பது வரலாறு சொல்கிறவர்கள் சொல்வது. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று.

பக்தி விஷயத்தைப் பக்தர்களுக்கு விட்டுவிடுவோம். எனக்கு இதில் தெரிவது பழைய வெள்ள எச்சரிக்கை. ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே, 'தம்பி, இங்கே தண்ணி நிக்கும்' என்று ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நாம் அதைப் படித்துவிட்டு, 'ஆஹா, தெய்வீகமான ஏரியா, கிரவுண்டு என்ன விலை?' என்று கேட்கிறோம்.

இப்படித்தான் ஒரு நண்பர், கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர், அடையாற்றங்கரைப் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போவதாகச் சொன்னார். விளம்பர நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். 'ஏர்போர்ட் 20 நிமிடம், மெட்ரோ 10 நிமிடம், ஏரிக்காற்று இலவசம்.' புரமோட்டர் ஏ.சி. காரில் அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறார். பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அப்ரூவல் எல்லாம் பக்கா. இருபது வருஷ லோன், சம்பளத்தில் பாதி.

"இந்தச் சுத்துல அந்த வழியாத்தானே போறோம். ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமே சார்" என்றார்.

போனோம். அந்த நகருக்குள் திரும்பியதும் நண்பர் பெடலை நிறுத்திவிட்டார். வண்டி பாட்டுக்கு உருண்டது. ஒரு தெரு, இரண்டு தெரு, மூன்றாவது தெரு. மனை வாசலில் தானாக வந்து நின்றது.

"பாத்தீங்களா சார், என்ன ராசியான இடம்! மிதிக்காமலே வந்துட்டோம்."

"ஆமா. நம்ம சைக்கிளுக்கே இந்த இடம் தெரிஞ்சிருக்கே, தண்ணிக்குத் தெரியாதா?"

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் காம்பவுண்டு சுவரில், பெயின்ட்டுக்குக் கீழே, மங்கலாக ஒரு கோடு. முனையில் டீக்கடை. கடைக்கார அம்மாவிடம், "பதினஞ்சுல இங்க எவ்ளோம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அந்தம்மா பாய்லரை விட்டு வெளியே வந்து, வார்த்தையே பேசாமல், கையைத் தன் தோளுக்கு நேரே வைத்துக் காட்டினார். பிறகு, "சக்கரை கம்மியா?" என்றார்.

அட்வான்ஸ் அன்றைக்கு நண்பரின் அக்கவுண்டிலேயே இருந்தது. இப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். 'சொந்த வீடு எப்போ?' என்று மாமனார் கேட்கும்போதெல்லாம், 'மேடு தேடிக்கிட்டிருக்கேன் மாமா' என்கிறாராம்.

ஏற்கெனவே பள்ளத்தில் வாங்கியவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேட்டில் இருக்கிற கிரவுண்டு மாதச் சம்பளக்காரன் கைக்கு எட்டுவதில்லை. எட்டுகிற விலையில் இருப்பதெல்லாம் தண்ணீருக்கு முன்பதிவான இடம். வில்லங்கச் சான்றிதழில் அடமானம் தெரியும், பாகம் தெரியும். தண்ணீருக்கு அந்த மனையில் இருக்கிற பாத்தியதை மட்டும் எந்த ரிஜிஸ்டர் ஆபீஸிலும் தெரியாது. கால்வாயை ஆழப்படுத்து, ஆக்கிரமிப்பை எடு என்று கேட்க வேண்டியது ஒரு பக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாமே தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொரு பக்கம். அதற்கு ஏ.சி. கார் உதவாது. அதில் மேடும் ஒன்று, பள்ளமும் ஒன்று.

* * *

பல்லாவரத்துக்கு வந்தால் வயசு குறைந்த மாதிரி இருக்கும். காரணம், அங்கே எல்லாமே ரொம்பப் பழசு. 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர் இங்கே சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி அதுதான். நம்ம ஆள் இந்த மேட்டுப் பக்கம் நடமாடியிருக்கிறான். அவனுக்கு புரமோட்டர் இல்லை, பாவம்.

இந்தக் குன்றுகளின் கருநீலப் பாறைக்கு 'சார்னகைட்' என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை. அதனால் 1893-ல் ஹாலண்ட் என்ற அறிஞர் இந்தப் பெயரைச் சூட்டினார். பாறை எங்க ஊர்ல, பேரு மட்டும் கல்கத்தாக்காரருக்கு!

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பத்திரமாக ஓரம்கட்டிப் போங்கள். இந்தச் சுற்றில் எனக்குப் பிடிக்காத ஒரே பகுதி இதுதான். வலப்பக்கம் விமான நிலையம் வராமல் இடப்பக்கம் வந்தால் திசை சரி என்று அர்த்தம். அந்த விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டிப் போகிறது. 2015-ல் ஆறு 'கொஞ்சம் வழி விடு' என்று மேலே வந்தபோது, விமான நிலையத்தையே பல நாள் மூட வேண்டியதாயிற்று. ஆகாயத்தில் போகிறவனுக்கும் பள்ளம் பள்ளம்தான்.

கடைசி ஏற்றம் பரங்கிமலை. உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523-ல் கட்டிய மாதா கோயில். இங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஒருவரைப் பார்க்க வேண்டும். வில்லியம் லாம்ப்டன். அவருக்கு இங்கே ஒரு சிலை இருக்கிறது. 1802 ஏப்ரலில் இந்த மலையடிவாரத்திலிருந்து ஏழரை மைல் நேர்கோட்டை இரும்புச் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். அந்தக் கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று அடுக்கிக்கொண்டே போய், இந்தியா முழுவதையும் அளந்து, 1856-ல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று சொன்னார்கள். உலகத்திலேயே உயரமான மேட்டைக் கண்டுபிடித்த கணக்கின் முதல் வரி நம்ம பரங்கிமலையில் எழுதப்பட்டது. அதே மலைமேல் நின்று சுற்றிப் பார்த்தால், எது மேடு, எது பள்ளம் என்று தெரியாமல் கட்டிய கட்டடங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். பின் பிரேக் முதலில், முன் பிரேக் மெதுவாக. ஏறும்போது வாங்கிய புகழை இறங்கும்போது இழக்கக் கூடாது.

நந்தம்பாக்கம், மணப்பாக்கம் வழியாக, அடையாற்றை மறுபடி கடந்து, மெட்ரோ பாலத்தின் நிழலில் போரூர். போரூர் ஏரியின் ஓரமாக பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் போனால் வானகரம். பக்கத்து ஊர் அய்யப்பன்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. நம் ஊர்ப் பெயர்கள் எல்லாமே நோட்டீஸ் போர்டுகள். நாம்தான் அதன்மேல் ரியல் எஸ்டேட் போஸ்டரை ஒட்டிவிட்டோம்.

* * *

கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். முதல் மூன்றும் மேலே சொன்ன வெலோசியோவுடையவை, மீதி நம்முடையவை.

பசிப்பதற்கு முன்னால் சாப்பிடுங்கள். தாகம் எடுப்பதற்கு முன்னால் குடியுங்கள். பூந்தமல்லியில் இரண்டு இட்லி, குன்றத்தூரில் ஒரு வாழைப்பழம், பல்லாவரத்தில் இளநீர். ஒரேயடியாகப் பொங்கல், வடை என்று இறங்கினால் அடுத்த மலை திருநீர்மலை அல்ல, தூக்கமலை.

நிறுத்தங்கள் குறைவாகவும் சின்னதாகவும் இருக்கட்டும். டீக்கடையில் அரசியல் ஆரம்பித்தால் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

ஜம்பத்துக்காக மிதிக்காதீர்கள். காலேஜ் பையன் ஒருவன் பறக்கிற வண்டியில் உங்களைத் தாண்டிப் போவான். போகட்டும். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் நீண்ட தூரப் பந்தயமில்லா ஓட்டங்கள் இதே சென்னையில் நடக்கின்றன. அதற்கும் இதுதான் ஆரம்பப் பள்ளி. முதல் நாளே டிகிரி வேண்டாம்.

ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட், ஒரு டியூப், காற்றடிக்கும் பம்ப். ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீடு. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மழை எச்சரிக்கை இருந்தால், நம் ரூட் மேப்பும் டி.வி. அறிவிப்பும் ஒன்று என்பதை ஞாபகம் வைத்து, போர்வைக்குள்ளேயே இருங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று. வாங்கப்போகிற மனை, ஃபிளாட், ஏன், வாடகைக்குப் போகிற தரைத்தளம் எதுவானாலும் சரி, அட்வான்ஸுக்கு முன்னால் அந்தத் தெருவுக்குள் ஒரு தடவை சைக்கிளில் போங்கள். உள்ளே போகும்போது பெடலை நிறுத்திப் பாருங்கள். வண்டி நின்றால் உள்ளே போய் விலை பேசலாம். வண்டி தானாக உருண்டால், உருளட்டும். அப்படியே டீக்கடை வரைக்கும் போய், ஒரு டீ சொல்லி, '2015-ல எவ்ளோ வந்துச்சு?' என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது முழங்கால் ஏதாவது முனகும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் கமிஷன் வாங்காமல் உண்மை சொல்லும் ஒரே புரோக்கர் அதுதான்!